பதினெட்டடி நான்கு அங்குலம்

ஊரின் பெயர் ஆஹோ.
ஓஹோ என்று சொல்ல இங்கே
தாமிரம் தோண்டி முடித்த பள்ளம் ஒன்று,
என் வீட்டுக் கொல்லையில் நூற்றுப் பன்னிரண்டு கற்றாழைகள்.

பள்ளிப் பேருந்து ஓட்டிய இருபத்தாறு வருடமும்
சம்பள நாளில் ஒன்று வாங்கினேன்.
அழுகியவை, காட்டுப்பன்றி கிளறியவை,
ஒரு ஜனவரி உறைபனியில்
வெந்த கீரையாய்ச் சரிந்தவை போக
மிச்சம் இவை.

நீர் ஊற்றுவது சுலபம்.
ஊற்றாமல் இருக்கத்தான் பழக வேண்டும்.
கையில் குழாய், காலடியில் சுருங்கிய மடல்.
குழாயை மூடிவிட்டு உள்ளே போய்
தொலைக்காட்சி பார்க்க வேண்டும்.

சனிக்கிழமை வில்ஃப்ரெட் பேஸ் வருவார்,
அளவுநாடாவும் பூதக்கண்ணாடியுமாக.
என் பெயர்ப்பலகைகளில் பாதி தப்பு என்பார்.
"இது விக்டோரியா அரசியே அல்ல, ஏதோ கலப்பு."
செடியை யாரும் கேட்கவில்லை.
கீறிய கைகளோடு காபி குடிப்போம்,
சாறு பட்ட இடம் அரிக்க அரிக்க.

அவர் முள்ளை எண்ணுவார்.
நான் முதுகைப் பார்ப்பேன்.
ஒவ்வொரு மடலின் முதுகிலும்
இன்னொரு மடலின் பல்தடம்:
குருத்துக்குள் ஒட்டிக் கிடந்த நாளில்
ஒன்றையொன்று அழுத்திய அச்சு.
விரிந்தபின் அவை தொட்டுக்கொள்வதில்லை.
மடலைப் பிரித்தால்
படிக்க இருப்பது அது ஒன்றுதான்.

மூலையில் ஆனைக்கற்றாழை.
லாரியையும் நல்ல மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு
க்ளைட் போன வருடம் நட்டது.
குழி தோண்டியது சூப்புக் கரண்டியால்.
இருபத்துமூன்று வருடம் அது ஒன்றும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

மார்ச்சில் நடுக்குருத்து தடித்தது.
தண்ணீரே விடாமல்
தண்ணீர்விட்டான் முளைபோல் ஒரு தண்டு,
என் தொடைப் பருமன்.
காலையில் சுவரில் பென்சில் கோடு போடுவேன்;
மறுநாள் கோட்டுக்கு மேலே ஒரு சாண்.
சுவர் முடிந்தபின் கண்ணளவு.

வாழைக்கும் இதே சட்டம்தான்,
பூத்தால் முடிந்தது.
வாழை ஒரு வருடத்தில் சொல்லிவிடுகிறது.

மே மாதம். வெயில் சதமடித்து ஒன்பதாம் நாள்.
தண்டு மின்கம்பியை நெருங்கிவிட்டது.
கம்பெனி அனுப்பிய மார்வின் ஆன்டோன்
வண்டியை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார்.
தொப்பியைக் கழற்றினார், நெற்றி துடைக்கத்தான்.
"பூக்க எத்தனை நாள்?"
"பத்து."
"கம்பிக்கு ஐந்து."

வெட்டினாலும் சாகும், விட்டாலும் சாகும்.
அதை நான் சொல்லவில்லை.
அவர் இயந்திர ரம்பத்தை வண்டியிலேயே வைத்துவிட்டு
கைரம்பத்தை எடுத்துக்கொண்டு மேலே போனார்.
கயிறு கட்டி இறக்கினார், விழவிடவில்லை.
கையெழுத்து வாங்கினார்.
தண்ணீர் ஒரு குவளை குடித்தார்.

தண்டு கொல்லையின் குறுக்கே கிடந்தது.
அப்புறப்படுத்த ஆளில்லை, மனமும் இல்லை.
மூன்றாம் நாள் பார்த்தேன்,
நுனி மட்டும் தரையை விட்டு
வானத்தைப் பார்க்க வளைந்திருந்தது.
பன்னிரண்டாம் நாள்
கிடந்த வாக்கிலேயே கிளைகள் தட்டுத் தட்டாய் மஞ்சளாயின.
யாரிடம் கேட்டு, எந்த வேரிலிருந்து?

இரவு இரண்டு மணி. செருப்பில்லாமல் நின்றேன்,
முட்டாள்தனம், இந்தக் கொல்லையில்.
வௌவால்கள் வந்தன.
இத்தனை வருடம் யார் வீட்டுக் கூரைக்கு மேலேயோ
சத்தமாக மட்டும் இருந்தவை
என் முழங்கால் உயரத்தில்
முகத்தைப் பூவில் புதைத்து எடுத்தன.
காற்று காலில் பட்டது.

சனிக்கிழமை வில்ஃப்ரெட் அளந்தார்.
படுத்திருந்ததால் சுலபம்:
பதினெட்டடி நான்கு அங்குலம்.
குனிந்து பலகையைப் படித்தார்,
கண்ணாடியைத் துடைத்து மறுபடி படித்தார்.
இந்த ஒன்றின் பெயர்
சரி என்றார்.