அரை நொடி

நுவரெலியா குதிரைப்பந்தயத் திடலில்
மிக்ஸர் மேசைக்கென்று எனக்குக் கொடுத்த இடம்
மேடையிலிருந்து அறுபது மீற்றர்.
லோறன்ஸின் குச்சி தோலில் விழுவதை
முதலில் பார்த்தேன்.
சத்தம் பிறகு வந்தது,
தோட்டத்துச் சம்பளம் மாதிரி
பிந்தி, பிடித்ததெல்லாம் பிடித்துக்கொண்டு.

எனக்காவது பரவாயில்லை.
கடைசி வரிசைக்கு அரை நொடி.
அவர்கள் வாய் திறந்த வரியை
முன்வரிசை முடித்துவிட்டு மூச்சு வாங்கியது.
பன்னிரண்டாயிரம் பேர் ஒரே பாட்டைப் பாடினார்கள்,
அவரவர் நின்ற தூரத்தில்.

ஸ்பீக்கர்கள் கொழும்பிலிருந்து இரண்டு லொறியில் வந்தவை.
ஒவ்வொன்றும் எங்கள் லயத்துக் கதவைவிட உயரம்.
எட்டு மணிக்கு மேல் காற்று திரும்பியது.
சிம்பலை எடுத்துக்கொண்டு வாவிப் பக்கம் போனது.
பிறகு மெல்லெழுத்து, பிறகு சகரம்.
ரொக்சானா ‘சிறகு’ என்று பாட
பின்வரிசைக்கு ‘இறகு’ போய்ச் சேர்ந்தது.
பொருள் கெடவில்லை.
தமிழுக்கு நன்றி.

கெட்டது நிலுக்ஷியின் பேஸ்.
அது பாட்டை விட்டுவிட்டுத் தனியே நடந்து
எதிர்மலை லயங்களின் ஜன்னலை ஆட்டியதாம்.
மறுநாள் ஒரு பெடியன் சொன்னான்:
‘அண்ணே, பாட்டு வரல்ல, நெஞ்சு மட்டும் வந்திச்சு.’

இன்னொன்றும் நடந்தது. யாரிடமும் சொன்னதில்லை.
லோறன்ஸ் அடிக்க அடிக்க
மலை திருப்பி அடித்துக்கொண்டிருந்தது,
இரண்டு நொடிக்கு மேல் ஒரு துளி பிந்தி.
மூன்றாவது பாட்டில் அவன் வேகத்தைக் குறைத்தான்.
களைத்துவிட்டான் என்றார்கள்.
எனக்குத் தெரியும், அவன் மலைக்காக நின்றான்.
இரண்டாம் சரணத்தில் மலையின் அடி
அவன் அடியின்மேல் வந்து சரியாக உட்கார்ந்தது.
அவன் சிரித்தது என் ஹெட்போனில் கேட்டது.
அந்தத் திடலில் அந்த ஒரு முக்காலிக்கு மட்டும்
அன்றிரவு தாளம் சேர்ந்தது.
என் மேசைக்குக்கூட இல்லை.

அடுத்த மாதம் அட்டனில்,
சைக்கிள் கடைக்கு மேல்மாடி.
அறுபது பேர் கொள்ளும், எழுபத்திரண்டு டிக்கெட்.
மாலை நாலு மணிக்கு வெறும் அறையில்
ஸ்னேரை ஒருதரம் தட்டிப் பார்த்தேன்.
வாளியைப் படிக்கட்டில் உருட்டியது போலிருந்தது.
தகரக் கூரை ஒரு சுரத்துக்கு மட்டும் நடுங்கியது.
ஏணி வைத்து ஏறிச் சாக்குத் துண்டு செருகினேன்.
நடுக்கம் பக்கத்துத் தகரத்துக்குப் போனது.
அன்றைக்கு நான் தொழிலை விட்டிருப்பேன்.

ஆறரைக்கு மழையோடு சனம் வந்தது.
ஈரக் கம்பளிச் சட்டை, ஈரத் தொப்பி, ஈரத் தலை.
கதவைச் சாத்தியதும் அறை அடங்கியது.
எதிரொலியை எல்லாம் அந்தக் கம்பளி குடித்துவிட்டது.
கொழும்பு லொறிகளில் வராத கருவி அது,
வாடகை கேட்காமல் டிக்கெட்டும் வாங்கி வந்தது.

இங்கே எல்லாம் கேட்டது.
ரொக்சானாவின் சகரம் காதுக்குள் கீறியது.
நிலுக்ஷியின் விரல் கம்பியில் வழுக்குவது கேட்டது.
இரண்டாம் பாட்டில் அவள் தவறிய சுரமும்தான்.
திடலில் அதே இடத்தில் அவள் எப்போதும் தவறுவாள்,
காற்று வாங்கிக்கொண்டு போய்விடும்.
இங்கே முன்னால் நின்ற பேக்கரிப் பெடியன்
‘ஆ’ என்றான், தன் கையைச் சுட்டுக்கொண்டவன் போல.
அவள் முகம் சிவந்தது. மறுபடி அதே வரியை வாசித்தாள்.
சரியாக வந்தது.
அதற்குக் கைதட்டியது அறுபதுக்கு மேல், ஒரே நேரத்தில்,
கன்னத்தில் அறைந்த மாதிரி ஒரே ஒரு சத்தம்.

ஆனால் பொய் சொல்லக்கூடாது.
கூரையில் மழை கனத்ததும் பாதிப் பாட்டு போனது.
நான் கூட்டினேன், மழையும் கூட்டியது.
லோறன்ஸ் இரண்டுதரம் மேலே பார்த்தான்.
மழைக்காக யாரும் தாளத்தைக் குறைக்க முடியாது.

கடைசி பஸ்ஸில் கொட்டகலை தாண்டும்போது
நிலுக்ஷி பக்கத்தில் இருந்து என்னவோ கேட்டாள்.
காதுக்குள் சில்வண்டு.
‘என்ன?’
‘எது நல்லா இருந்திச்சு? அதுவா, இதுவா?’
‘என்ன?’
அவள் கத்தினாள்.
டிரைவர் உட்பட முழு பஸ்ஸும் திரும்பியது,
பின்சீட்டு மட்டும்
கொஞ்சம் பிந்தி.