வள்ளம் பார்த்த அன்று

இரண்டு லட்சத்து எண்பத்தையாயிரம்.
சீட்டு எடுத்தது, மறிக்குட்டியள் வித்தது,
போன வருசத்து நண்டில் மிஞ்சினது.
சொப்பின் பையில் சுற்றி என் இடுப்பில் கிடக்கிறது.
அதற்கு மேலே ஒரு சதம் இல்லையென்று
மோட்டச்சைக்கிளிலேயே அமலதாசுக்குச் சொன்னேன்.
சந்தோசம் வந்தால் தானே விலையை ஏற்றிவிடுகிற மனுசன்.

பள்ளிக்குடாவில் பார்த்தது மரம்.
ஏராவில் கத்தி நுனி
பாணுக்குள் போவது போலப் போனது.
விக்க வந்தவர் வேறெங்கோ பார்த்தார், நாங்களும்.
வலைப்பாட்டில் நின்றது நல்லது, மிக நல்லது,
அதைக் கதைக்காமல் விடுவோம், ஐந்தரை லட்சம்.

நாச்சிக்குடாவில் இது.
பதினெட்டரை அடி பைபர், புதுப் பச்சைப் பெயின்ற்.
செபஸ்ரியாம்பிள்ளை கேட்டார்,
"தொழிலுக்கோ?"
"இல்லை."
"இரணைதீவுக்குச் சாமான் ஏத்தவோ?"
"இல்லை அண்ணை. பிள்ளையளோட போக."
"எங்க?"

அதற்கு எங்களிடம் சொல் இல்லை.
காற்று விட்ட இடம்மட்டும் போய்
கட்டின சோற்றைத் தின்று, திரும்பி வர.
இருபது வருசமாய் அமலதாஸ்
பிடிக்கத்தான் கடலுக்குப் போகிறார்,
சும்மா போனதில்லை.
கரையிலேயே நிற்கிற நான்
அங்கிருந்து ஒருநாளும் கரையைப் பார்த்ததில்லை.
கடற்படைக் காவலில் எழுதுகிற கொப்பியில்
இதற்கொரு நிரல் இல்லையென்றும் தெரியும்.

ஆம்பிளையள் பாய்மரத்தை அண்ணாந்து பார்க்க
நான் குந்தியிருந்து
விரல் முட்டியால் தட்டிக்கொண்டு போனேன்.
தேங்காய் வாங்குகிற கைதானே.
அணியம் இறுக்கமாய்ப் பேசியது, நடுவும் அப்படித்தான்.
அமரத்துக்கு ஒரு சாண் முன்னால்
குரல் மாறியது, தடிமன் பிடித்தவள் போல.
"இதில உள்ளுக்கு ஊறியிருக்கு."
"அது பெயின்ற் மொத்தம், தங்கச்சி.
ஒருக்காலும் ஒரு துளி எடுக்காத வள்ளம்."

பிறகு பாய்.
மடிப்பு அவிழ நீல எழுத்து வந்தது, தலைகீழாய்,
பாதி தையலுக்குள் போய்.
எனக்கு வாசிக்கத் தேவையில்லை.
அதே தறப்பாளுக்குக் கீழே
பதினொரு மாதம் படுத்தெழும்பினேன்,
எந்த மூலை ஒழுகும் என்றும் தெரியும்.
"பாய்க்கு இருபதாயிரம் போட்டிருக்கு."
"அண்ணை, இது எங்களுக்குச் சும்மா தந்தது.
உங்களுக்கும் சும்மாதான் தந்திருப்பாங்கள்."
முதலில் அவர் சிரிக்கவில்லை.
பிறகு மூண்டு பேரும் கொஞ்ச நேரம்
தேவைக்கு மேலே சிரித்தோம்.
பாய் கணக்கிலிருந்து விழுந்தது.

பிள்ளையள் அதற்குள் ஏறிவிட்டார்கள்.
மணலில் சரிந்து கிடந்த வள்ளத்தில்
யூஜின் அணியத்தைப் பிடித்தபடி
காலால் அக்காவைத் தள்ளுகிறான்.
பெனிற்றா பலகைக்குக் கீழே கையை விட்டு
ஒரு பால்மாப் பேணியை எடுத்தாள்.
வாய் சரித்து வெட்டினது.
ஒரு பக்க விளிம்பு தேய்ந்து தேய்ந்து
கடைசிச் சவர்க்காரத் துண்டு போல மழமழவென்று.
வாங்கித் தடவிப் பார்த்தேன்.
ஒரு துளி எடுக்காத வள்ளத்தில்
இத்தனை வருசம் இது என்ன செய்துகொண்டிருந்தது?

நான் கேட்கவில்லை.
அவர் பார்க்கிற மாதிரிப் பலகையில் வைத்தேன், நிமிர்த்தி.
"மூண்டு பத்து" என்றவர்
கடலைப் பார்த்தார், பேணியைப் பார்த்தார்,
"சரி, இரண்டு தொண்ணூறு."
அமலதாசின் காலை மிதித்தேன்.
"இரண்டு எழுபது, அண்ணை.
மிச்சப் பதினைந்துக்கு
பைபர் துணியும் றெசினும் வாங்க வேணும்,
அந்தத் தடிமன் பிடிச்ச இடத்துக்கு."

சோளகம் தொடங்க இன்னும் ஆறு கிழமை.
அவர் கையை நீட்டினார்.
எச்சில் தொட்டு இரண்டு தரம் எண்ணினேன்.

அப்போதுதான் குனிந்து பேணியை எடுத்தார்.
"இது கணக்கில இல்லை, தங்கச்சி.
கைக்குப் பழகிப் போச்சு."

காசை நான் இன்னும் விடவில்லை.
"பேணி வேணும், அண்ணை.
அது இல்லாட்டி வள்ளம் வேண்டாம்."