ஐந்தெழுத்து

செவ்வாய்பேட்டை ஜவ்வரிசி மண்டி, மாடி அறை.
பக்கத் தகட்டைக் கழற்றினால்
உள்ளே இரண்டு டிஸ்க்.
ஸ்டிக்கர் இரண்டிலும் இல்லை. எலி தின்றிருந்தது.

“எதுலங்க நம்ம கணக்கு?”
செங்கோட்டுவேல் டார்ச் பிடித்தார்.
அதையே கேட்டுவிடலாம் என்றேன்.

கறுப்பாகத் திறந்தது ஜன்னல்.
டிஸ்க்பார்ட்.
லிஸ்ட் டிஸ்க்.
பூஜ்யம், ஒன்று. இரண்டும் 465 ஜிபி,
ஒரே சாக்கில் அளந்தது போல.

செலக்ட் டிஸ்க் ஒன்று.
டீடெய்ல் டிஸ்க்.
விசாரணையில் பிடிபட்டவன் மாதிரி
கேட்காததையும் சொன்னது:
மாடல், சாட்டா, ஆன்லைன்,
பூட் டிஸ்க்கா? இல்லை.
கடைசி வரியில்
வால்யூம் இ, பெயர் ‘மில் பழசு’.

“இதேதான்” என்றவர்
டார்ச்சை அணைத்தார்.
கீழே லாரியில் மூட்டை விழும் சத்தம்.
“இதுல எனக்கு வரவேண்டியதும் இருக்கு.
நான் குடுக்க வேண்டியதும் இருக்கு.”
கொஞ்சம் நேரம் கழித்து,
“அழிக்கணும்னா எவ்வளவு நேரம் ஆகும்?”

க்ளீன். ஆங்கிலத்தில் ஐந்தெழுத்து.
நிஜமாகவா என்றுகூட
அது திருப்பிக் கேட்காது.
நட்சத்திரக் குறி ஒன்றின் மேல்தான் நிற்கிறது.

பதில் சொல்லவில்லை நான்.
கர்சர் துடித்தது, துடித்தது.
டீ வந்தது; ஆடை படியும்வரை
இருவரும் தொடவில்லை.

எக்ஸிட் என்று தட்டினேன்.
அதற்கு ஓர் எழுத்து குறைவு.