இரண்டு நொடி

ஒரு வரிக்கு நாற்பத்திரண்டு எழுத்து.
திரையில் நிற்க இரண்டு நொடி.
அதற்குள் சொல்லிவிட வேண்டும்
டோக்கியோவில் யார் அழுதாலும்.

குகையில் மாடியறை. ஆடி மாத ராத்திரி.
எட்டாம் பாகம், கெடு காலை ஆறு மணி.
ஜப்பானியம் எனக்கு அரைகுறை.
கம்பெனி அனுப்பும் ஆங்கிலத்திலிருந்துதான்
தமிழுக்கு இறக்குகிறேன்,
பால் பாக்கெட்டைக் கத்தரித்துச் சொம்பில் ஊற்றுவதுபோல.
கொஞ்சம் மூலையில் தங்கிவிடும்.

ஹினாகோவுக்குப் பதினாறு வயது.
பள்ளிச் சீருடையோடு
இருபது மாடி இயந்திரத்தின் நெஞ்சுக்குள் உட்கார்ந்து
கடலிலிருந்து வருவதோடு சண்டை போடுகிறவள்.
அவள் ஏறுமுன் அதன் முழங்காலில்
வைக்கோல் பிரி கட்டுகிறார்கள்.
பூசாரி வெள்ளைக் காகிதம் அசைக்கிறார்.
'பழங்காலச் சடங்கு' என்று
விளக்கம் போடச் சொல்லியிருந்தார்கள்.
போடவில்லை.
புது லாரிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிற ஊரில்
யாருக்கு விளங்காது?

கீழே வண்டி வேடிக்கை தொடங்கிவிட்டது.
ஜெனரேட்டர் உறுமல், சீரியல் பல்பு,
டிராக்டர்மேல் கைலாயம்.
அதில் செவ்வாப்பேட்டை வெள்ளிப்பட்டறை தவசியப்பன்
உடம்பெல்லாம் நீலம் பூசி,
நெற்றிக்கண் வியர்வையில் வழிந்துவிடாமல்
மனைவி நீட்டும் சார்ஜர் ஃபேனுக்கு
முகத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறார்.
கூட்டம் கும்பிடுகிறது, செல்போனை உயர்த்துகிறது.
எது முதலில் என்று கைக்கே தெரியவில்லை.

ஜன்னலைச் சாத்தி ஹெட்போன் மாட்டினேன்.

வாசலில் ஹினாகோ,
ஷூவுக்குள் குதிகாலைத் திணிக்கிறாள்.
அடுப்படியில் அப்பா, முதுகு மட்டும் தெரிகிறது.
ஒரு சொல் சொல்கிறாள்.
ஆங்கிலத்தில் அது 'நான் கிளம்புகிறேன்.'
'கிளம்புறேன்' என்று அடித்துவிட்டு
ஏனோ திரும்ப ஓட்டினேன்.
இத்தெகிமாஸ்.
மூன்றாம் தடவை அகராதியைத் திறந்தேன்.
போய். வருகிறேன்.
ஒட்டிக்கொண்ட இரண்டு வினை,
நம்முடையதைப் போலவே.

கோயம்புத்தூர் இன்டர்வியூவுக்கு
'போறேன்மா' என்றதற்கு
பாதிப் படியிலிருந்து கூப்பிட்டு,
தண்ணீர் குடிக்கவைத்து,
மறுபடி சொல்லச் சொன்னாள் அம்மா.
பஸ் போய்விட்டது.

ஏழு பாகம்.
எத்தனை காலை அவளைக்
'கிளம்புறேன்' என்றே அனுப்பியிருக்கிறேன்!
எல்லாம் வெளியாகிவிட்டன. இனித் திருத்த முடியாது.
ஒன்பதாவது இன்னும் எனக்கு வரவில்லை,
அவள் திரும்பினாளா என்று தெரியாது.

தெருவில் கைலாயம் குலுங்கி நகர்கிறது.

'போயிட்டு வரேன்ப்பா.'

எழுத்தெண்ணிக்கை சரி.
நொடிதான் போதவில்லை.
அப்பா திரும்பாமல் நிற்கும் காட்சியிலிருந்து
அரை நொடி
எடுத்துக்கொண்டேன்.