மூன்றாம் கை

இங்கே வாடகை வீட்டைக் கையால் எண்ணுவார்கள்.
முதல் கை, இரண்டாம் கை.
மூன்றாம் கையும் உண்டு.
அதற்குக் கையெழுத்து மட்டும் இல்லை.

கட்டடம் லிண்ட்வாலுக்குச் சொந்தம்.
கோதன்பர்க்கில் எங்கோ இருக்கிறார்.
மாடிப்படியருகே ஒட்டிய தொலைபேசி எண்ணாக மட்டும்
எங்களுக்குத் தெரியும்.

முதல் கை குனெல்.
பதினொரு வருடம் வரிசையில் காத்திருந்து வாங்கிய சாவி.
காதலனோடு வடக்கே லூலியோ போன பிறகும்
விட மனமில்லை.
"காதல் போனால் இன்னொன்று வரும்.
இந்த வாடகைக்கு வீடு வருமா?"
கதவில் இன்னும் அவள் பெயர்தான்.

இரண்டாம் கை நான், தூவா.
ஒரு கட்டில், ஒரு மேசை, மூன்று நாற்காலி,
அவற்றைச் சொல்லி
வாடகைக்கு மேல் ஆயிரத்தைந்நூறு குரோனர் வைத்தாள்.
"சுவரில் ஆணி அடிக்காதே" என்றாள்.
தலையாட்டினேன்.

நவம்பரில் என் வேலை பாதியானது.
சமையலறைக்கு ஒரு திரை வாங்கினேன்.
திரைக்கு அந்தப் பக்கம் வந்து சேர்ந்தார்
பொர்யே, வயது ஐம்பத்தெட்டு,
ஆறாம் எண் டிராம் ஓட்டுகிறவர்,
மணவிலக்கில் வீட்டையும் நாயையும் விட்டு வந்தவர்.
ஒரு பெட்டி, இரண்டு சீருடை.
நான் அவரிடம் சொன்ன முதல் வாக்கியம்:
"சுவரில் ஆணி அடிக்காதீர்கள்."
சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது,
அது குனெலின் குரல்.

மாதம் பிறந்தால் அவர் உறை வரும்.
என் பங்கை எடுத்துக்கொண்டு
(பங்கு என்றுதான் அதை அழைத்தேன்)
மிச்சத்தை மேலே அனுப்புவேன்.
பணம் படியேறும்.
உத்தரவு படியிறங்கும்.
ரசீது எந்தப் பக்கமும் போகாது.

பிப்ரவரியில் ஓர் இரவு நான் ஊரில் இல்லை.
தொட்டிக்கடியில் குழாய் வெடித்தது.
பொர்யே என்னை அழைத்திருக்கிறார், ஏழு முறை.
எடுத்திருந்தால் குனெலை அழைத்திருப்பேன்.
குனெல், நாளைக்குப் பார்க்கலாம் என்றிருப்பாள்.
கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் படர,
வெறுங்காலோடு படியிறங்கி
சுவரிலிருந்த எண்ணை அழுத்தினார்.

மூன்றாம் நாள் நால்வரும் அந்தச் சமையலறையில்.
முதன்முறையாக.
லிண்ட்வால், சளிப்பிடித்த ஒல்லி மனிதர்,
தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்தார்.
குனெலைப் பார்த்தார். "நீங்கள் என் குடித்தனக்காரர்."
குனெல் என்னைப் பார்த்தாள்.
நான் திரையைப் பார்த்தேன்.
கையும் களவுமாக என்பார்களே, அப்படித்தான்;
யார் கை என்பதில்தான் குழப்பம்.

"அப்படியானால் நீங்கள் யார்?"

நாற்காலி இல்லாமல் நின்றிருந்த பொர்யே சொன்னார்:
"தண்ணீரை மூடியவன்."

வெளியேறச் சொல்லி குனெலுக்குக் கடிதம் வந்தது.
மூன்று வரி கூட்டி அவள் எனக்கு எழுதினாள்.
நான் பொர்யேவுக்கு எழுத உட்கார்ந்தபோது
திரை மடித்து வைக்கப்பட்டிருந்தது, மேலே சாவி.
அவர் பக்கத்துச் சுவரில் ஒரு துளை இல்லை.
என் அறையில் நான்கு.

முன்பணம் மூவாயிரத்தை அவர் கேட்கவில்லை.
அது எப்போதோ செலவாகிவிட்டது.
கைமாற்று என்று சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது அக்கா வீட்டுச் சோபாவில் படுக்கிறேன்.
ஆறாம் எண்ணைத் தவிர்த்து நடக்கிறேன்.
நேற்று மழை; பார்க்காமல் ஏறிவிட்டேன்.
கண்ணாடியில் அவர் கண், ஒரு கணம்.
பிறகு ஒலிபெருக்கியில், எல்லாருக்குமாக:
"வளைவு வருகிறது.
கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள்."

பிடித்துக்கொண்டேன்.