வாக்கியத்தில் அமைத்து எழுதுக

கொட்டாஞ்சேனையில், ஃபார்மசிக்கு மேலே,
ஏழு மணி இங்கிலீஷ் வகுப்பு.
பதினொரு கதிரை. ஒன்றுக்குக் கால் சரியில்லை.
டில்ருக்‌ஷி மிஸ்ஸுக்கு இருபத்துநாலு வயது,
எங்களில் இளையவருக்கு முப்பத்தொன்று.
இன்றைக்குப் பலகையில்
டவுன் இன் த டம்ப்ஸ்.

மனம் சோர்ந்து கிடப்பது, என்றார் மிஸ்
பாதி சிங்களத்தில், மீதி கையால்:
அவருடைய உள்ளங்கை மெல்ல இறங்கி
மேசைக்குக் கீழே காணாமல் போனது.
டம்ப்ஸ். கடைசியில் 'ஸ்' கட்டாயம்.
ஆட்களுக்கு மட்டும்தான் சொல்லலாம்.
பெரிய துக்கத்துக்குப் பாவிக்கக் கூடாது,
சாவீட்டில் போய்ச் சொன்னால் பிழை.
சோதனை ஃபெயிலானால் சொல்லலாம்.
போட்ட மெசேஜுக்கு இரண்டு நீலக் கோடு விழுந்தும்
பதில் வராவிட்டால் சொல்லலாம்.

நியாஸ்தீன் எழும்பினார், ஹோட்டல் செக்யூரிட்டி,
உடுப்பு மாற்ற நேரமில்லாமல் வந்தவர்.
'ஐ ஹேவ் டம்ப்ஸ்.'
தடிமன் மாதிரி, காய்ச்சல் மாதிரி.
பிழைதான். எனக்கு அது பிடித்திருந்தது.
மரியறோஸ் தன் மாமியாரை வைத்து
ஒரு வாக்கியம் சொன்னாள், சரியாக,
சிரிப்பை அடக்க முடியாமல்.

நான் வேறெங்கோ இருந்தேன்.
தமிழில் எனக்குக் கவலை. எனக்கு.
கடன்காரன் போல அதுவாக வாசலுக்கு வரும்,
இருக்கும், இரண்டு நேரம் தேத்தண்ணி குடிக்கும்,
ஒருநாள் சொல்லாமல் எழும்பிப் போகும்.
இங்கிலீஷில் நாங்கள்தான் போய்
அதுக்குள் இறங்கவேண்டியிருக்கிறது.
செருப்போடு இறங்குவதா, கழற்றிவிட்டா,
கொப்பியில் அதற்குக் குறிப்பில்லை.

பிறகு விமலகாந்தனின் முறை.
'மை ஹவுஸ் இஸ் டவுன் இன் த டம்ப்ஸ்.'
வீட்டுக்குச் சொல்ல முடியாதே, என்றார் மிஸ்,
வீட்டுக்கு மனசில்லை.
'மை ஹவுஸ்' இரண்டையும் வெட்டி
'ஹி' என்று போட்டார்.

'இல்லை மிஸ், வீடுதான்.
கொலன்னாவைப் பக்கம். குப்பைமேடு சரிஞ்சது.
கேஸ் அடுப்பு, தையல் மெஷின், ஒரு பக்கச் சுவர்
எல்லாம் உள்ளுக்கு.
பக்கத்து வீட்டு ஆக்களும் உள்ளுக்கு.
அதான் கேக்கிறன்,
இன்னா, அண்டரா?'

மிஸ் மார்க்கரின் மூடியைக் கழற்றினார்.
திரும்பப் போட்டார்.
கீழே யாரோ ஒரு கார்ட் பனடோல் கேட்டது
எங்கள் எல்லோருக்கும் கேட்டது.
பிரிப்பொசிஷன்
அடுத்த கிழமை பார்ப்போம், என்றார்.

அடுத்த கிழமை பார்க்கவில்லை. சோதனை வைத்தார்.
ஆறாவது கேள்வி அதுதான்.
விமலகாந்தன் அந்த இடத்தை
ஒரு கோடுகூட இழுக்காமல் விட்டிருந்தார்.
நான் எழுதினேன்:
மை நெய்பர் இஸ் டவுன் இன் த டம்ப்ஸ்.
எழுவாய் ஆள். 'ஸ்' இருக்கிறது. துக்கமும்
அளவுக்குள் இருப்பதுபோலத் தெரிகிறது.
சிவப்பு மையில் ஒரு சரி.
அவருடைய சுவருக்கு, மெஷினுக்கு,
அந்தப் பக்கத்து வீட்டுக்கு,
எனக்கு ஒரு புள்ளி.

பஸ் ஹோல்ட்டில் மழை தூறிக்கொண்டிருந்தது.
மாநகரசபை லொறி ஒன்று வலையால் மூடிய சுமையோடு
எங்களைக் கடந்து மெதுவாகப் போனது.
ஹோல்ட்டில் எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள்.
அவர் பொத்தவில்லை.
நான் பொத்தப் போன கையால்
தலைமயிரை ஒதுக்கினேன்.

என் தாளைக் கேட்டு வாங்கினார்.
சலூன் வெளிச்சத்தில் பிடித்து
ஆறாவதை மட்டும் படித்தார், இரண்டு தரம்.
'நெய்பர் எண்டா பக்கத்து வீடுதானே?
பக்கத்துக் கதிரைக்கும் சொல்லலாமோ?'

தெரியவில்லை, என்றேன்.
மிஸ்ஸிடம் கேட்கவேணும்.