கீழ்வரி

நௌசாத் அனுப்பிய கோப்பில்
ஒரு மணி நாற்பத்தெட்டு நிமிடப் படம்,
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு வரிகள்.
சனி இரவு டச்பே மணலில் திரையிட வேண்டும்.
எல்லாவற்றுக்கும் தமிழ் போட்டுவிட்டேன்,
ஒன்றைத் தவிர.

முதலில் திணையில்தான் இடறினேன்.
ஏழு கால்கள். கண் இல்லை.
முகம் இருக்கவேண்டிய இடத்தில்
தேங்கிய மழைத்தண்ணீர் போல ஏதோ.
வந்தது என்பதா, வந்தார் என்பதா?
பள்ளி இலக்கணத்தில்
நரகருக்கும்கூட உயர்திணையில் இடம் இருந்தது.
மூன்றாவது தேத்தண்ணியோடு முடிவெடுத்தேன்:
வந்தார். கிடந்தார். குளிரில் நடுங்கினார்.
ஜெனரல் கத்தும் காட்சியில் மட்டும்
‘அதைச் சுடு’ என்றே விட்டேன்.
சுடுகிறவர்களின் இலக்கணம் அப்படித்தான்.

பிறகு அந்த வரி.
மூடிப்போன ஹோட்டலின் வற்றிய நீச்சல்குளத்தில் அவர்.
நாலாம் மாடியில், தண்ணீர்க் குழாயில் காது வைத்தபடி
குழாய் பொருத்தும் ஒரு பெண்.
பதினொரு இரவு தட்டுகிறார், பதினொரு இரவு கேட்கிறாள்.
கடைசியில் திரும்பி
ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல் சொல்கிறாள்.
தன்மைப் பன்மை. வினை இல்லை.
முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஆங்கிலத்தில் அது ஒற்றைக் கதவு.
எனக்கு இரண்டு.
‘நாம்’ என்றால்
குழாயில் காது வைத்தவளும் உள்ளே.
‘நாங்கள்’ என்றால் அவள் வெளியே;
அவரும், அவருக்குப் பின்னால்
வானத்தில் வரிசையாய் நிற்பவர்களும் மட்டும்.
ஒன்றில் படம் விருந்து, மற்றதில் படையெடுப்பு.
இயக்குநருக்குத் தெரிந்திராது.
தெரியவேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

நாம் என்று எழுதி அழித்தேன்.
இந்த ஊரில் ஒலிவாங்கிகள் நாம் என்றபோதெல்லாம்
நானும் அதற்குள் இருக்கிறேனா என்று
சுற்றிப் பார்த்தவள் நான்.
நாங்கள் என்று எழுதி அதையும் அழித்தேன்.
நாங்கள் என்று தொடங்கிய கடிதங்களில்
கையெழுத்து வைத்திருக்கிறேன்.
யாரை வெளியே விட்டோம் என்று
பிறகுதான் எண்ணினேன்.

மற்ற இடங்களில் வினையின் வால் காப்பாற்றியது:
வந்தோம், பார்த்தோம், பசித்திருக்கிறோம்.
எழுவாய் இல்லாமலே ஓடும் வண்டி.
இங்கே வண்டியே இல்லை.
வாலை மட்டும் வெட்டி வைத்தேன்:
ஓம்.

சனி இரவு.
கச்சான் காற்றில் கச்சான் கோது பறக்கிறது.
திரைச்சீலை வயிறு ஊதி ஊதித் தணிய
குளத்தில் கிடப்பவர் மூச்சு விடுவதாகப் பிள்ளைகள் நம்பினார்கள்.
வரி வந்தது.
‘ஓம் எண்டிட்டாராம்’ என்றாள் முன்னாலிருந்தவள்,
கலியாணப் பேச்சு சரிவந்ததுபோல.
ஒருவர் கோணேசர் மலை விளக்கைப் பார்த்துக்
கன்னத்தில் போட்டுக்கொண்டார்.
நௌசாத் மட்டும் புரொஜெக்டருக்குப் பின்னாலிருந்து
‘கள்ளி’ என்றான்.

செருப்பைக் கையில் பிடித்தபடி நின்ற
கடற்படைப் பெடியன் என் பக்கம் குனிந்தான்.
‘மொகத்த கிவ்வே?’
அவர் என்ன சொன்னாராம்.
‘அபி’ என்றேன்.
அவன் மொழியிலும் ஒற்றைக் கதவுதான்,
நிம்மதியாய்ச் சொல்லிவிட்டேன்.
அவன் திரையைப் பார்த்தான். கடலைப் பார்த்தான்.
‘கவுத அபி?’

யார் அந்த நாங்கள் என்கிறான்.
அல்லது, யார் அந்த நாம்.
அதையும் என்னால் தமிழில் சொல்லமுடியவில்லை.

அப்போது
கோட்டைப் பக்கமிருந்து இறங்கி வந்த மானொன்று
ஒளிக்குக் குறுக்கே நின்று
றோல்ஸ் சுற்றிய காகிதத்தைத் தின்னத் தொடங்கியது.
ஏழு கால்களில் இரண்டு அதன் விலாவில் அசைந்தன.
யாரும் விரட்டவில்லை.
என் வரி ஒன்று அதன் வயிற்றில் விழுந்து
எவரும் வாசிக்குமுன் போய்விட்டது.